சம்மதம் வராத பங்குகள்

அக்கா,

இன்று மதியம் மழையோடு கரண்ட் போனது. மலைமேல் நம் சோளக்காடு ஊரில் கடைகளெல்லாம் இருண்டுவிட்டன. நம் துணை சுகாதார நிலையத்தில் மட்டும் தடுப்பூசி ஃப்ரிட்ஜ், நீங்கள் பங்கு வாங்கிய அந்தக் கம்பெனியின் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது. அதன் உறுமலைக் கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

அதை மாட்டிய அன்று உங்களுக்கு எவ்வளவு சந்தோஷம். கரண்ட் போகும்போதெல்லாம் மருந்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடிய நர்ஸ் நீங்கள்தானே. கம்பெனி முதலாளி சின்ன வயசுக்காரன். நாம் போட்டுக்கொடுத்த டீயைக் குடித்தபடி, "நீங்களும் பங்கு வாங்கலாங்க. கம்பெனி நாளைக்கு ஷேர் மார்க்கெட்டுக்கு வந்தா விலை எங்கியோ போயிரும்" என்றான். கூட வேலை பார்த்த நான் வாங்கவில்லை. நீங்கள் சேமிப்பையெல்லாம் போட்டீர்கள். "நல்ல சாமான் செய்யறாங்க கண்ணு, நல்லா வருவாங்க" என்றீர்கள்.

சாமான் நல்லதுதான். அதனால்தான் எனக்கு இன்னும் பொறுக்கவில்லை.

உங்களுக்குச் சிறுநீரகம் கெட்டதும், வைத்தியச் செலவுக்குப் பங்கை விற்க வேண்டுமென்று இருவரும் சேலத்தில் அவன் ஆபீசுக்குப் போனோம். "இது பிரைவேட் கம்பெனிங்க. வெளியாளுக்கு விக்கணும்னா டைரக்டருங்க சம்மதிக்கணும்" என்றான். அடிவாரத்து மிளகு வியாபாரி ஒருவரை வாங்கிக்கொள்ளச் சம்மதிக்க வைத்தோம். டைரக்டர்களின் சம்மதம்தான் வரவில்லை. பிறகு அவன் போனையே எடுக்கவில்லை. டயாலிசிஸ் முடிந்து மலையேறும் பஸ்ஸில், வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்துக்கொண்டே, "பாவம், அவங்களுக்கு என்ன கஷ்டமோ" என்றீர்கள். அன்றுதான் உங்கள் மேலும் எனக்குக் கோபம் வந்தது.

நீங்கள் கண்மூடிய பிறகு, போன மாதம் பேட்டரியைப் பார்க்க அவன் வந்திருந்தான். "அக்கா எங்க குடும்பத்துல ஒருத்தங்க" என்றான்.

"குடும்பம்னா ஏனுங்க போனை எடுக்கல?"

பேட்டரியின் மூடியைத் திருகினான். "இப்ப சம்மதம் குடுத்துட்டாங்க. அவங்க பையன் வித்துக்கலாங்க" என்றான்.

"அவங்க ஊட்டுக்குப் போய், அவங்க போட்டோ முன்னால நின்னு சொல்லுங்க."

அங்கே போகாமல் காரில் ஏறி நேராக மலையிறங்கிவிட்டான். உங்கள் பையனுக்கு ஆபீஸிலிருந்து யாரோ போனில் சொன்னார்களாம். பையன் விற்றுவிட்டான். அந்தப் பணத்தைத் தொட மனசு வரவில்லை என்கிறான்.

போனவர் போய்விட்டார், கோபத்தை ஆற்றிக்கொள் என்று எல்லோரும் என்னிடம் சொல்கிறார்கள். நீங்கள் பொறுத்துப் பொறுத்துப் போனதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான். என் கோபம் ஆற வேண்டாம், அக்கா.