அம்மையின் கல்லும் என் மூச்சுக் கணக்கும்

டிசம்பர் 1, திங்கள்

காலையில் சாரல். பிரஷர் மாத்திரை தீர்ந்தது, வாங்க வேண்டும். ஆறு மணிக்கு மூச்சு எண்ண உட்கார்ந்தேன். ஒன்று முதல் பத்து, பிறகு மறுபடி ஒன்று. நான்கைத் தாண்டவில்லை. நான்கில் வின்சென்ட் வந்து நின்றான்.

என் தம்பி. அம்மைக்குக் கல்லறைக் கல் வைத்தவன். ஆகஸ்டில் நான் பெங்களூரில் மகள் வீட்டில் கண் ஆபரேஷன் முடிந்து படுத்திருந்தபோது வைத்தான். திரும்பி வந்து பார்த்தால் கல் முழுக்க மலையாளம். பேர், பிறப்பு, இறப்பு, வசனம், எல்லாம். ஊர் கேரள எல்லைக்குள்தான், ஆனால் வீட்டில் தமிழ். தொண்ணூற்றொரு வயது வரை தமிழ் வேதாகமத்தைத் தவிர வேறொன்றும் வாசிக்காதவள் அம்மை. மலையாளத்தில் பஸ் போர்டுகூடத் தெரியாது. கொத்தனார் கேட்க, சபையார் கேட்க, "நீ மனுசனாலே?" என்று கேட்டுவிட்டேன். அன்றோடு பேச்சு நின்றது. நாலு மாதம்.

வரும் ஞாயிறு சபையில் திருவிருந்து, அப்பமும் திராட்சரசமும். அன்றைக்கே அம்மையின் ஓராண்டு நினைவு. குடும்பமாக முன்னால் போய் முழங்காலிட வேண்டும். கூடப் பிறந்தவன்மேல் பகை வைத்துக்கொண்டு அங்கே கை நீட்டக் கூடாது. அம்மை சொல்லித் தந்தது. அதனால் நாலு மாதமாக மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்தே இருக்கிறேன். சபை முழுக்கத் தெரியும். இந்த ஞாயிறும் உட்கார்ந்திருந்தால், அம்மையின் நாளில் மூத்த மகன் இடம் காலி.

ஆறு நாள் இருக்கிறது.

டிசம்பர் 2, செவ்வாய்

மகள் தந்த ஸ்டோயிக் புத்தகத்தில் முப்பது பக்கம். பழைய ரோமாபுரிக்காரர்கள் சொல்வது இவ்வளவுதான்: எது நம் கையில், எது நம் கையில் இல்லை என்று பிரி. முதலாவதைப் பார், இரண்டாவதை விடு. வகுப்பில் நான் இதைச் சொல்வதென்றால் பரீட்சையை வைத்துச் சொல்வேன். கேள்வித்தாள் உன் கையில் இல்லை, விடைத்தாள் உன் கையில். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும்.

நோட்டில் இரண்டு பத்தி போட்டேன்.

கையில் இல்லை: கல். கல்லில் உள்ள எழுத்து. வின்சென்டின் புத்தி.
கையில் உள்ளது: என் கோபம்.

கடைசி வரியை எழுதும்போதே கோபம் வந்தது. அது என் கையில் இருப்பதாகத் தோன்றவில்லை. நான்தான் அதன் கையில்.

மாலை வாசகசாலையில் தியான வகுப்பு. நடத்துபவர் ஓமனா, ஓய்வுபெற்ற நர்ஸ். எங்கோ பத்து நாள் பேசாமல் இருந்து பௌத்த முறை கற்று வந்தவர். "சாரே, கோபத்தை விரட்டாண்டாம். உடம்பில் எங்கே இருக்குன்னு மட்டும் நோக்குங்க. ஊசி போட்ட இடம் போல."

நோக்கினேன். நெஞ்சுக்குழிக்குக் கீழே, கொஞ்சம் இடப்பக்கம். சூடாக. நன்றாக நோக்கியதில் இன்னும் சூடானது.

வீடு திரும்பியதும் என் மனைவி சரோஜம் வாசலிலேயே கேட்டாள். "ஜெபம் பண்ணினா போராதா? கண்ண மூடிகிட்டு பல்லக் கடிக்கிய. இது என்ன தியானமாக்கும்?"

டிசம்பர் 3, புதன்

மாத்திரை வாங்கியாயிற்று. வாழைக்குலை வெட்ட ஆள் வரவில்லை.

ஏழாவது மூச்சில் தேர்தல் வண்டி. ஒலிபெருக்கியில் வார்டு வேட்பாளர், பாட்டு வேறு. அது போனதும் மறுபடி ஒன்று. மூன்றில் அடுத்த கட்சி வண்டி. இதுவும் கையில் இல்லாதவற்றில் சேரும் என்று சொல்லிக்கொண்டேன். சரி, வண்டியை விட முடிகிறது. வண்டி என் தம்பி இல்லை. புத்தகம் எழுதியவனுக்குத் தம்பி உண்டா என்று தெரியவில்லை.

சம்மந்தித் துவையலில் உப்பு கூடிவிட்டதென்று சரோஜத்திடம் கத்தினேன். அவள் தட்டை எடுத்துப்போய் மோர் ஊற்றிக்கொண்டு வந்தாள். "இது உப்புக்க மேல உள்ள கோபம் இல்ல. அம்பூரிக்கு பஸ் உண்டு, கேட்டியளா?"

அம்பூரியில் வின்சென்ட் வீடு. மோர் நன்றாக இருந்தது.

டிசம்பர் 4, வியாழன்

நாளை போகிறேன். போகாவிட்டால் இந்தச் சூட்டோடு ஞாயிறு வரும்.

ரோமாபுரிக்காரர்களிடம் இன்னொரு பழக்கம். நடக்கக்கூடிய மோசமானதை முன்கூட்டியே மனதில் பார்த்துவிடுவது. பள்ளிக்கூட இன்ஸ்பெக்ஷனுக்கு முதல் நாள் வாத்தியார்கள் நாங்கள் செய்ததுதான். எழுதி வைக்கிறேன்.

1. கேட்டைத் திறக்கமாட்டான்.
2. திறப்பான், பேசமாட்டான்.
3. "மனுசனாலே" என்றதைத் திருப்பி என்னிடம் கேட்பான்.
4. லில்லி (அவன் மனைவி) அழுவாள்.

நாலுக்கும் பதில் தயார். சொல்ல வேண்டியது: "கல் உன் விருப்பம். எனக்கு வருத்தம் உண்டு. பகை இல்லை." பத்துத் தடவை சொல்லிப் பார்த்தேன். மூன்றாவது வாக்கியம் பொய். இருக்கட்டும்.

டிசம்பர் 5, வெள்ளி

வெள்ளறடை வரை ஒரு பஸ், பிறகு வேறொன்று. மலையில் மூடுபனி. கேட் திறந்தே கிடந்தது.

வின்சென்ட் கொட்டகையில் ரப்பர் ஷீட் அடித்துக்கொண்டிருந்தான். மெஷின் கைப்பிடியை விடாமல் "வாங்க" என்றான். நான் நின்றபடியே மூன்று வாக்கியத்தையும் சொன்னேன்.

"பள்ளிக்கூடத்துல பாடம் ஒப்பிக்கது போல இருக்கு" என்றான்.

அதோடு என் தயாரிப்பு எல்லாம் போயிற்று. "ஒரு வரியாவது தமிழ்ல போட்டிருக்கக் கூடாதாலே?"

"போட்டா ஆரு வாசிக்க?"

"அம்மை வாசிச்ச எழுத்துலே அது!"

"அம்மை எழும்பி வந்து வாசிக்கப் போறாளா? அங்க போய் நிக்கது நானாக்கும். எல்லா ஞாயிறும் பூ வைக்கது நானாக்கும். எனக்க அம்மைக்க பேர எனக்கு வாசிக்கணும்லா?"

கைப்பிடி நின்றது.

"தமிழ்ல ‘அ’ கூட எனக்குத் தெரியாது, அண்ணா. என்ன மலையாளம் பள்ளிக்கூடத்துல சேத்தது ஆரு?"

"அப்பா..."

"அப்பா கேட்டது உங்ககிட்ட. வீட்டுல படிச்ச ஆளு நீங்க ஒருத்தருதான். ‘இவனாவது மலையாளம் படிக்கட்டு, சர்க்கார் வேலை கிட்டும்’னு பறஞ்சிய. ‘தமிழ நான் வீட்டுல சொல்லிக் குடுக்கேன்’னும் பறஞ்சிய. அம்மை எப்பவும் சொல்லுவா, ‘அண்ணன் லீவுக்கு வரட்டு மக்கா, சொல்லித் தருவான்’."

லில்லி கருப்பட்டிக் காப்பி கொண்டு வந்தாள். அழவில்லை. "சாருக்கு இனிப்பு போருமா?" என்று கேட்டாள். குடித்தேன். பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று சொல்லி எழுந்தேன். நேரம் ஆகவில்லை.

நான் எழுதி வைத்த நாலில் இது இல்லை.

டிசம்பர் 6, சனி

தூக்கம் சரியில்லை. கொல்லையில் தேங்காய் ஐந்து.

ஞாபகம் வருகிறது. எனக்குப் பதினெட்டு, அவனுக்கு ஐந்து. நான் ஆசிரியப் பயிற்சியில். அப்பா வெற்றிலையை மடித்தபடி கேட்டார். நான் பெரிய மனிதன் மாதிரி பதில் சொன்னேன். யோசனை தப்பில்லை. மின்வாரியத்தில் அவனுக்கு லைன்மேன் வேலை கிடைத்தது, அந்தப் பள்ளிக்கூடத்தால்தான். ஆனால் சொல்லிக் கொடுக்கிறேன் என்றது? அடுத்த வருஷம் மூணாறுப் பக்கம் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் வேலை. தேயிலை எஸ்டேட் பிள்ளைகள் எத்தனை பேருக்கு விரல் பிடித்து ‘அ’ போடச் சொல்லிக் கொடுத்தேன். லீவுக்கு வந்தால் தூங்கினேன், நண்பர்களைப் பார்த்தேன், திரும்பிப் போனேன்.

பத்தியைத் திருத்தி எழுத வேண்டும். கையில் இருந்தது: ஒரு சிலேட்டு, கோடை லீவு.

புத்தகத்தைப் புரட்டினேன். பிறர் நமக்குச் செய்ததைத் தாங்க நிறைய வழி சொல்கிறான். நாம் செய்ததற்கு? ஒரு பக்கம். கடந்துபோனது உன் கையில் இல்லையாம். மூடி வைத்தேன்.

ஓமனாவுக்குப் போன் செய்தேன். "கோபத்துக்குச் சொல்லித் தந்தீங்க. வெட்கத்துக்கு என்ன?"

"அதும் அதே வழி தன்னே, சாரே. எங்க இருக்கு?"

"தொண்டையில."

"அப்போ அங்கே இருக்கட்டே. விட்டு ஓடாண்டாம்."

"உட்கார்ந்து பார்த்தாச்சு. சுருங்கவே இல்லையே."

"சுருங்கும்னு ஞான் பறஞ்ஞில்லல்லோ."

எரிச்சலாக இருந்தது. நன்றி சொல்லி வைத்தேன்.

டிசம்பர் 7, ஞாயிறு

விடியும்போது நல்ல மழை, ஒன்பதுக்கு விட்டது. வெள்ளை வேட்டியில் கஞ்சிப் பசை அதிகம்.

நினைவு நாள் என்பதால் குடும்பம் மூன்றாவது பெஞ்சில் ஒன்றாக. சரோஜம், லில்லி, வின்சென்ட், நடைபாதை ஓரம் நான். அம்மையின் பேரைப் போதகர் வாசித்தார். பெஞ்சு பெஞ்சாக முன்னால் போனார்கள். எங்கள் முறை. நான் எழும்பவில்லை. அவன்மேல் பகை என்று நாலு மாதம் உட்கார்ந்தேன். இன்றைக்கு வேறு காரணம்.

வின்சென்ட் எழும்பி நின்றான். "எழும்புங்க அண்ணா. பின்னால ஆளு நிக்கி."

"நீ போலே."

"எப்பிடிப் போவ? வழியில காலை நீட்டி வச்சிருக்கியளே."

சரோஜம் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவனைப் பார்த்துச் சொன்னேன், எதுவும் ஒத்திகை பார்க்காமல்: "சொல்லித் தரேன்னு சொல்லிட்டுத் தரல. தப்பு எனக்கதாக்கும்." "செரி, எழும்புங்க" என்றான். எழும்பினேன். முழங்கால் வலித்தது.

பிறகு கல்லறை. அந்தக் கல்லைப் பார்த்ததும் நெஞ்சுக்குழியில் அதே சூடு. குறையவே இல்லை. கருப்புக் கிரானைட்டில் மலையாளம் இன்னும் எனக்குப் பிடிக்கவில்லை, பிடிக்கப் போவதும் இல்லை. வின்சென்ட் செவ்வந்தியை வைத்துவிட்டுக் கேட்டான். "தமிழ்ல இது எப்பிடி இருக்கும்?"

கல்மேல் மழைத் தண்ணீர் நின்றது. அம்மையின் பேரை அதில் விரலால் எழுதிக் காட்டினேன். ஞானாபரணம். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு அவன் குனிவதற்குள் பாதி வடிந்துவிட்டது.

"நான் பாக்கதுக்கு முன்ன போச்சே. இப்பிடித்தான் பள்ளிக்கூடத்துலயும் சொல்லிக் குடுத்தியளா?"

டிசம்பர் 8, திங்கள்

வெயில். நாளை ஓட்டு, வண்டிச் சத்தம் ஓய்ந்துவிட்டது. மூச்சு ஒன்பது வரை போயிற்று.

பத்தரைக்கு வின்சென்ட் வந்தான், கையில் இரட்டைக்கோடு நோட்டு. முதலில் ‘அ’ தொடங்கலாம் என்றேன். அதெல்லாம் பிறகு, அம்மையின் பேர் மட்டும் போதும் என்றான். அடிப்படை இல்லாமல் எப்படி என்றேன். ஐம்பத்தொன்பது வயதுக்கு என்ன அடிப்படை என்றான். லைன்மேன் கை, பென்சிலை ஸ்பேனர் மாதிரி பிடிக்கிறது. ‘ஞ’ எழுதச் சொன்னால் மலையாளம் போடுகிறான். இரண்டாம் தடவையும் அதே. நடுவில் போன், ரப்பர் ஷீட் வாங்குகிறவன், கால் மணி நேரம். திரும்பி வந்து மூன்றாம் தடவை, வாலைத் தலைகீழாகச் சுழித்தான்.

நெஞ்சுக்குழிக்குக் கீழே, இடப்பக்கம். கண்டேன். அங்கேயே இருந்தது.

"இன்னொருக்க எழுது" என்றேன்.

"கோவமா?" என்று கேட்டான், தலை தூக்காமல்.

"உண்டு. எழுது."

எழுதினான்.