கொம்புக் குதிரைக்குச் சேர்த்த காசு

12.11.07, திங்கள்

விடியலிலிருந்து தூறல். நமுனுகுல மலை இன்றும் முகம் காட்டவில்லை.

என் பேரப்பிள்ளைகளின் நிலவரம் முதலில். பேத்தி கௌசல்யா பேராதனைக் கம்பஸில் இரண்டாம் வருஷம். ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீடுகளிலிருந்து கம்பஸ் வாசல் மிதித்த முதல் பிள்ளை. சின்னவன் வினோத் ஐந்தாம் வகுப்பு ஸ்கொலர்ஷிப் பாஸ், பண்டாரவளையில் ஹொஸ்டல். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றேன், அவன் ஐந்தாம் வகுப்பில்தான் ஓடத் தொடங்கியிருக்கிறான். பெரியவன் தினேஷ் கட்டாரில் ஹோட்டல் வேலை. கழுத்தில் டை கட்டுகிற வேலை. இவன் பெயர் அடிக்கடி வரும், இனி தி. என்று எழுதுகிறேன்.

மூன்று பேரும் என் மகன் செல்வத்தின் பிள்ளைகள். அவர்கள் போன வீட்டில் இப்போது நான். காலில் மாவுக்கட்டு. பதுளை டவுனில் மாடி வீடு, படி செங்குத்து. மகன் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கப் போகிறான், மருமகள் புஷ்பம் துணிக்கடைக்கு. போகும்போது கீழ்க்கதவை வெளியே பூட்டிவிடுகிறார்கள். யாரும் தட்டினால் நான் இறங்கித் திறக்க முடியாதே. நியாயம்தான். பூட்டு விழுகிற சத்தம்தான் பிடிக்கவில்லை.

பத்து மணிக்குக் கம்ப்யூட்டரில் தி.யின் விளையாட்டைத் திறந்தேன். இன்றைய காசு விழுந்தது. மூடினேன்.

13, செவ்வாய்

மழை. பகல் போகவில்லை. அந்த விளையாட்டைப் பற்றியாவது எழுதலாம்.

படம் போட்ட அட்டைகள், எல்லாம் கம்ப்யூட்டருக்குள்ளே. ஒவ்வொன்றுக்கும் ஒரு பலம். சேர்த்து வைத்து இன்னொருவனோடு ஆட வேண்டும். தினமும் திறந்தாலே கொஞ்சம் பொற்காசு தருவார்கள். தோட்டத்துப் பெரட்டு மாதிரிதான். காலையில் போய் நின்றால் பேர் விழும், நிற்காவிட்டால் அன்றைக்கு ஒன்றுமில்லை. வாரம் முழுக்கத் தவறாமல் வந்தால் மேலே கொஞ்சம்.

தி.க்கு அங்கே கம்ப்யூட்டர் கிடையாது. வெள்ளிக்கிழமை லீவில் இன்டர்நெட் கடைக்குப் போய், மணிக்கு இவ்வளவு என்று கொடுத்துப் பார்க்கிறான். கட்டாருக்குப் போவதற்கு முன்பு எனக்குத் திறக்கவும் மூடவும் காட்டிக்கொடுத்துவிட்டுப் போனான்.

"அப்பாயி, நான் இல்லாத நாளெல்லாம் எம் பேர்ல நீங்க பெரட்டுக்கு நில்லுங்க."

நிற்கிறேன். உட்கார்ந்தபடி.

காசைச் செலவழிக்க இரண்டு வழி. ஒன்று, உறை. பிரித்தால் எது வரும் என்று தெரியாது, லொத்தர்தான். ஆரம்பத்தில் ஆசைப்பட்டு ஒன்று பிரித்தேன். ஏற்கெனவே இருந்த தவளையே திரும்ப வந்தது. மற்றது, கடையில் பார்த்து வேண்டிய அட்டையையே விலைக்கு வாங்குவது. விலை கூட, ஆனால் ஏமாற்றம் இல்லை. தி. கேட்பது கொம்பு வைத்த குதிரை. அது எப்போதாவதுதான் கடைக்கு வருமாம். தவளைக்குப் பிறகு அவன் போட்ட உத்தரவு: என்னைக் கேட்காமல் காசில் கை வைக்க வேண்டாம்.

இன்னொன்று. ஆடுவதற்கு அவன் எடுத்து வைத்திருக்கும் அட்டைகளுக்குக் கட்டு என்று பெயர். கட்டுக்கு நாமே பெயர் வைக்கலாம். வெள்ளிதோறும் தி. பெயரை மாற்றுவான். இங்கிலீஷ் எழுத்தில் தமிழ். எழுத்துக் கூட்டிப் படித்துவிடுவேன். ஒரு வாரம் "சாப்ட்டீங்களா". ஒரு வாரம் "கால் எப்படி". போன வெள்ளி, "கை வெந்து போச்சு".

மகனுக்கும் மருமகளுக்கும் சொல்லவில்லை. டை கட்டுகிறவனுக்குக் கை எப்படி வேகும்?

16, வெள்ளி

வெயில். தலையணை உறை, இரண்டு சேலை காய்ந்தன.

கொம்புக் குதிரை கடைக்கு வந்துவிட்டது! அடுத்த ஞாயிறு வரைதானாம். எங்கள் காசு சரியாகப் போதும். தி. பார்த்தால் துள்ளுவான் என்று காத்திருந்தேன். மூடி மூடித் திறந்து பார்த்தேன். பொழுது சாய்ந்தும் கட்டின் பெயர் மாறவில்லை. அதே வெந்த கை.

சாப்பிடும்போது மகனிடம் பட்டும் படாமல் கேட்டேன், பெரியவன் போனில் எடுத்தானா என்று. சம்பளம் எடுத்தால்தானே எடுப்பான், மாதம் பிறக்கட்டும் என்றான். நாங்கள் எடுக்க அவனுக்கு நம்பர் இல்லை. புஷ்பம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள், வாயில் வைக்கவில்லை.

20, செவ்வாய்

மழை. ஜன்னல் வழியாகக் கயிற்றில் கூடை இறக்கி மீன் வாங்கினேன். மீன்கார நானா கீழே நின்று, "ஆச்சி, ஜெயில்ல கஞ்சி ஊத்திட்டாங்களா?" என்றார். ஊத்திவிட்டார்கள், மீன்தான் இல்லை என்றேன். சிரித்துக்கொண்டே ஒரு மீன் கூடப் போட்டார். சாளை. முள் அதிகம்.

சுட்ட காயத்துக்கு அங்கே என்ன போடுவார்கள்? எண்ணெய் சுட்டதா, வெந்நீரா? எந்தக் கை?

22, வியாழன்

தோட்டத்தில் ஆள் வேலைக்குப் போயிருந்தால் லயத்துக் காம்பராக் கதவுக்குத் தாழ் போட மாட்டோம். என் வீட்டுக்காரர் பெக்டரியில் இருந்த காலமெல்லாம் கதவு வெறுமனே சாத்தியிருக்கும். உழைத்துவிட்டு வருகிறவர் தட்டிக்கொண்டு வாசலில் நிற்கக் கூடாது.

அதனால் இன்று விளையாட்டை மூடவில்லை. தி. எந்நேரம் வந்தாலும் திறந்திருக்கட்டும். மகன் கண்ணில் படாமல் கம்ப்யூட்டர் மேல் என் பழைய சேலையைப் போட்டு வைத்திருக்கிறேன்.

23, வெள்ளி

கரண்ட் நிற்கவில்லை, நல்ல காலம். நாள் முழுக்கத் திறந்தே இருந்தது. சேலையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தேன்.

மாறவில்லை.

குதிரை ஞாயிறோடு போய்விடும். வாங்கினால் சொல் மீறியது. வாங்காவிட்டால் இவ்வளவு நாள் சேர்த்தது வீண். இதையெல்லாம் யாரிடம் கேட்பது? அவன் பாஸ்போர்ட் கம்பனிக்காரன் பூட்டிய அலுமாரியில், என் வாசல் சாவி புஷ்பத்தின் கைப்பையில். குழம்பில் உப்பை இரண்டு தடவை போட்டுவிட்டேன்.

24, சனி

பகல் சாப்பாட்டு நேரத்தில் பூட்டுத் திறக்கிற சத்தம். புஷ்பம். மூச்சு வாங்க ஏறி வந்தவள் நேரே சேலையை இழுத்தாள்.

"அத்தை, இதை எப்போலேர்ந்து தொறந்து வச்சிருக்கீங்க?"

தி. துணிக்கடைப் போனுக்கு எடுத்திருக்கிறான். விளையாட்டுக்குள் ஒரு நேரத்தில் ஒரு ஆள்தான் இருக்க முடியுமாம். நான் உள்ளே இருந்ததால் அவனை விடவில்லை. நேற்று முழுக்க அங்கே இன்டர்நெட் கடையில் உட்கார்ந்து தட்டித் தட்டிப் பார்த்திருக்கிறான். சரி, வீட்டுக்குப் பேசுவோம் என்று எடுத்தால் அதுவும் வேலை செய்யவில்லை. இன்டர்நெட் வருவது வீட்டுப் போன் கம்பியில்தானே. தாழ் போடக் கூடாது என்று நினைத்து இரண்டு கதவையும் நானே அடைத்திருக்கிறேன்.

பின்னேரம் வீட்டுப் போன் அடித்தது. மகன் பேசினான், புஷ்பம் பேசினாள், அழுதாள். பிறகு என்னிடம்.

"நீங்க கம்ப்யூட்டர் முன்னுக்கே விழுந்து கெடக்கிறீங்கன்னு நெனச்சிட்டேன் அப்பாயி."

முந்தின வெள்ளி கைக்கு மருந்து கட்டப் போனானாம், அதுதான் வரவில்லை. சமையலறையில்தான் வேலை. எண்ணெய்ச் சட்டி. வந்த நாளிலிருந்து அங்கேதான். அம்மாவிடம் டை என்று சொல்லிவிட்டதால் எல்லோருக்கும் அதையே சொன்னானாம். கை இப்போது பரவாயில்லை என்றான். இங்கே நானும் எல்லோருக்கும் கால் பரவாயில்லை என்றுதான் சொல்கிறேன்.

குதிரையை வாங்கிவிடச் சொன்னான். வாங்கலாம், ஆனால் கடையில் அதே விலைக்கு இன்னொரு சாமான் இருக்கிறது என்றேன். சற்று முன்புதான் புஷ்பம் எனக்குப் படித்துச் சொன்னாள். இன்னொரு இருக்கை. அதை எடுத்தால் இரண்டு பேர் ஒரே நேரத்தில் உள்ளே இருக்கலாம், எதிரெதிராக ஆடலாம்.



"ஒங்களுக்கு ஆடத் தெரியாதே அப்பாயி."

"தோக்கத் தெரியும்ல. எதுத்தாப்ல இருந்துக்கிறேன்."

"குதிரை போயிரும். மறுபடி எப்ப வருமோ."

 பிறகு அவனே சொன்னான்: "பெரட்டுக்கு நின்னது நீங்க. ஒங்க இஷ்டம்."

குரல் இறங்கிவிட்டது. அவன் அவ்வளவு ஆசைப்பட்டது அந்தக் குதிரைக்குத்தான்.

25, ஞாயிறு

தூறல். டொக்டர் வந்து பார்த்தார். மாவுக்கட்டை இன்னும் ஒரு மாதம் பிரிக்க மாட்டாராம். எலும்பு கூடவில்லை.

மகன் இன்டர்நெட் பில்லைப் பற்றி முனகினான். பிறகு தானே வந்து கம்ப்யூட்டரைப் போட்டுக் கொடுத்தான்.

காலை முழுக்கக் குதிரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அழகுதான். வாங்கினால் தி. கட்டில் வைத்துக்கொண்டு யார் யாருடனோ ஆடி ஜெயிப்பான். வெள்ளிக்கிழமை நான் திறக்காமல் வெளியே இருக்க வேண்டும், அவன் போன பிறகு பெயரைப் படிக்க வேண்டும். கோபித்தால் கோபிக்கட்டும். இருக்கையை எடுத்தேன். காசு முழுக்கப் போய்விட்டது.

இருக்கைக்குப் பெயர் கேட்டது. அப்பாயி என்று போட்டேன். படமும் கேட்டது, புஷ்பம் கல்யாண வீட்டுப் படம் ஒன்றை ஏற்றினாள். ஆடும்போது இரண்டு பேர் படமும் எதிரெதிரே நிற்குமாம். தி.யின் பக்கத்தில் இருப்பது விமான நிலையத்தில் எடுத்தது. கன்னம் கொழுகொழு என்று. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறான்.

மாலையில் குதிரையைக் கடையிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

அவன் கட்டின் பெயரை இன்று முதல் தடவையாக நான் மாற்றினேன். எழுத்து எழுத்தாகத் தேடி, ஒரு விரலால்: வெள்ளிக்கு முந்தி புது போட்டோ போடு, ரெண்டு கையும் தெரியணும்.