கொழுந்தன் வாங்கி வந்த அளவுத்தகடு

ஐப்பசி 12, செவ்வாய்

செத்துப்போன என் மகன் பாடிப் பதிந்தது ஒரே ஒரு இசைத்தட்டு. அதைக் கேட்க, பிளேயருக்கு ஊசியைத் தாங்கும் புதுக் கையும் ஊசித்தலையும் மாட்ட ரேடியோக்காரர் வந்தார். ஊசியை நேராக நிறுத்த, மகன் பட்டாசு லேபிள் அட்டையில் கோடு போட்டு வைத்திருந்த அளவைக் கொடுத்தேன்.

“இது பழைய கைக்குப் போட்ட கோடு, ஆத்தா. இதை வச்சா ஊசி தட்டைச் சுரண்டிரும்.”

கொழுந்தன் புதுக் கைக்கென்று மதுரையில் வாங்கிய அளவுத்தகட்டை நீட்டினார். “இதை வச்சுப் பாருங்க, மதினி.”

“எம்புள்ளைய பட்டாசு ஆலை மருந்து அறைக்குப் போகச் சொல்லிக் காட்டுன கைதான இது? வெந்துல்ல வந்தான்!”

அவர் தகட்டைப் பிளேயர் பக்கத்தில் வைத்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்தார். பிள்ளையின் குரல் அழியக் கூடாதே என்று அந்தத் தகட்டையே வைக்கச் சொன்னேன்.

பாடுவதற்கு முன் அவன் மூச்சு இழுப்பது இன்றுதான் கேட்டது. கொழுந்தன் எழுந்து வெளியே போனார். நான் கூப்பிடவில்லை.

பிளேயரை மூடியாயிற்று. மூச்சு இழுப்பது மட்டும் இன்னும் கேட்கிறது. பாட்டு தொடங்கவில்லை.