மஞ்சள் மேல் வெள்ளை எழுத்து

14 நவம்பர், வெள்ளி

எங்கள் எண்ணெய் மில்லுக்குச் செய்த இணையதளத்தை டிசைனர் இன்று வீட்டுக்கு வந்து காட்டினார். நீலப் பட்டனிலும் மஞ்சள் பட்டனிலும் வெள்ளை எழுத்து. மஞ்சளில் இருப்பதைப் படிக்க முடியவில்லை என்றேன்.

"கம்ப்யூட்டர் கணக்குல நீலத்துக்கும் மஞ்சளுக்கும் வெளிச்சம் ஒரே அளவுதானுங்கம்மா, நூத்துக்கு அம்பது. நீலத்து மேல வெள்ளை தெரியுதுங்கள்ல?" என்றார் டிசைனர்.

என் மகன் சிரித்தான். "எனக்குப் பளிச்சுன்னு தெரியுதுங்க. அம்மாவுக்குக் கண்ணுல புரை. ஆபரேஷனுக்குக் கூப்பிட்டா வரமாட்டேங்கறாங்க."

கண்ணுக்குத் தெரிகிறபடி நிறத்தை அளக்கும் கணக்கு கிடையாதா என்று டிசைனரைக் கேட்டேன். இருக்கிறதாம், ஓகேஎல்சிஎச் என்று பெயராம். அதற்கு மாற்றிப் பார்த்தார். மஞ்சளின் வெளிச்சம் தொண்ணூறுக்கு மேல், நீலத்துக்கு ஐம்பதுகூட இல்லை. மஞ்சள் மேலிருந்த எழுத்தைக் கறுப்பாக்கினார்.

"அட, இப்பத்தானுங்க படிக்கவே முடியுது!" என்றான் மகன்.

அப்படியானால் அவனுக்கும் இவ்வளவு நேரம் தெரியவில்லை. தன்னாலேயே படிக்க முடியாமல்தான் ஓர் அந்நியர் முன்னால் என்னைக் குருடியாக்கியிருக்கிறான். சீ. சாப்பிடக் கூப்பிட்டான். பசியில்லை என்று கதவைச் சாத்திக்கொண்டேன்.