கிருபையால நல்லா இருக்கேன்

அலபாமா,
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள மகன் டெல்வினுக்கு அம்மா எழுதுவது. கப்பலில் நீ சுகமாக இருக்க ஜெபிக்கிறேன். இங்கே எல்லாரும் நலம் என்றுதான் எப்போதும் எழுதுவேன், இந்தத் தடவை கை வரவில்லை. பதறாதே, உன் லாட்ரிஸும் வயிற்றுப் பிள்ளையும் உயிரோடு இருக்கிறார்கள், ஆஸ்பத்திரியில் அவள் கட்டிலருகே உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.

நம் ஊரில் பிரசவ வார்டை மூடியதிலிருந்து ஒவ்வொரு பரிசோதனைக்கும் ஒன்றரை மணி நேரம் கார் ஓட்ட வேண்டியிருக்கிறது, வண்டி படுத்துவிட்டதால் போன மாதம் போகவே இல்லை. ஞாயிறு ஆராதனையில் பார்க்கிறேன், உன் பெண்டாட்டிக்குச் செருப்பில் கால் நுழையவில்லை, முகம் உப்பிக் கிடக்கிறது. என்னடி இது என்றால், "ஒண்ணுமில்ல அத்தே, கிருபையால நல்லா இருக்கேன்" என்கிறாள். நேற்று போதகரிடம் கெஞ்சி அவர் வண்டியை வாங்கிக் கூட்டிவந்தேன். நர்ஸ் கம்ப்யூட்டரிலிருந்து முகத்தை எடுக்காமல் எப்படி இருக்கிறீர்கள் என்றாள், இந்த மகராசி அங்கேயும் அதே பாட்டு! சபையில் யார் கேட்டாலும் நாம் சொல்லும் பதில் அது என்று அந்த வெள்ளைக்காரிக்கு எப்படித் தெரியும்? தொந்தரவு இல்லை என்று கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டாள். பிரஷர் கொஞ்சம் கூடத்தான், பயணக் களைப்பு, ஓய்வெடுத்துவிட்டு அடுத்த மாதம் வாருங்கள் என்று அனுப்பிவிட்டாள்.

கார்க் கதவைத் திறக்கும்போது லாட்ரிஸ், "அத்தே, கண்ணுக்குள்ள ஏன் இப்படி மின்னுது? தலை வேற பிளக்குது, மூணு நாளாவே இப்படித்தான்" என்றாள். அவளை இழுத்துக்கொண்டு திரும்ப உள்ளே ஓடினேன், டாக்டர் வராமல் இந்த நாற்காலியை விட்டு எழமாட்டேன் என்றேன். "சத்தம் போடாதீங்க, செக்யூரிட்டியைக் கூப்பிடுவேன்" என்றாள் அந்த நர்ஸ். நம் கறுப்பு நிறத்தவள் குரலை உயர்த்தினால் செக்யூரிட்டிதானே! கூப்பிடு தாயே, அவனுக்காவது இந்தக் கால் வீங்கியிருப்பது தெரிகிறதா பார்ப்போம் என்றேன். டாக்டரம்மா வந்து பார்த்தாள், முகமே மாறிவிட்டது, பிரஷர் எகிறி வலிப்பு வரும் நிலையாம். வீட்டுக்குப் போயிருந்தால் என்று ஆரம்பித்து மீதியை விழுங்கிவிட்டாள். இன்று சாயங்காலத்துக்குள் பிரஷர் இறங்காவிட்டால் பிள்ளையை எடுத்துவிடுவார்களாம், எட்டாம் மாதமே.

ஏண்டி சொல்லவில்லை என்று கேட்டேன். "எங்கம்மா மாதிரி வாயைத் திறக்காம தாங்கிக்கோ" என்று நீதான் போனில் அவளிடம் சொன்னாயாமே. அப்படி இனி யாருக்கும் சொல்லாதே ராசா. அடுத்த முறை பேசும்போது எப்படி இருக்கே என்று கேட்காதே. தலை வலிக்கிறதா, கண்ணுக்குள் மின்னுகிறதா, பிள்ளை அசைகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேள், பதில் வரும்வரை விடாதே. என்னையும் அப்படியே கேள்.

கர்த்தர் உன்னைக் கண்ணின் மணிபோலக் காப்பாராக.

பயந்துபோயிருக்கும் உன் அம்மா,
எர்னெஸ்டின்