சிராவணம் வந்தது, ஹாரிகா வரவில்லை

ஜூன் 28
ஆஷாடம் பிறந்துவிட்டது. அந்த மாதம் புதுப்பெண் புகுந்த வீட்டில் இருக்கக் கூடாது. புது மருமகள் ஹாரிகாவை அவள் அப்பா வந்து ராஜமுந்திரிக்கு அழைத்துப் போனார். ஒரு மாதம்தான். பஸ் ஏற்றிவிட்டு வந்த மகன் வீரபாபு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறான்.

ஜூலை 9
பேப்பரில் போட்டிருக்கிறது: நாட்டில் முட்டை வருஷத்துக்கு வருஷம் கூடுகிறதாம், நம் மாநிலம்தான் முதலிடமாம். என் வீட்டுக்காரர் இரண்டு தடவை உரக்கப் படித்தார். முன்பு எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு கோழி ஷெட். இப்போது எங்களையும் சேர்த்து நாலே பேர். கோழி மட்டும் பல மடங்கு. முக்கால்வாசி சத்திரெட்டியுடையது. எங்கள் கொல்லை முடிகிற இடத்தில் அவருடைய வேலி.

ஜூலை 17
மழை. ஷெட்டில் கோழி எரு நனைந்துவிட்டது. ஈ.

ஜூலை 26
ஆஷாடம் முடிந்து சிராவணம் வந்தது. ஹாரிகா வரவில்லை. போனில், "உங்க மேல கோவமில்ல அத்தை. சோத்துல ஈ, பால்ல ஈ, படுத்தா மூஞ்சில ஈ. என்னால முடியல" என்றாள். "சரிம்மா" என்று வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 3
அவள் வீட்டுக்குப் போனேன். சோறும் கோங்கூராக் கீரைத் துவையலும் போட்டாள். நான் சாப்பிடச் சாப்பிட என் இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
"அத்தை, இங்க ஈ இல்ல."
தட்டுக்கு மேல் கை தானாக வீசிக்கொண்டிருந்திருக்கிறது. இரண்டு பேரும் சிரித்தோம். பஸ்ஸில் வரும்போது சிரிப்பு வரவில்லை. இத்தனை வருஷமா இப்படித்தான் தின்னுக்கிட்டிருக்கேனா?

ஆகஸ்ட் 4
"கோழிய வித்துடுங்க" என்றேன் இவரிடம்.
"ஈக்குப் பயந்து தொழில விடறதா? ஊரே சிரிக்கும்."
"மருமக வரலன்னு இப்பவே சிரிக்குது."


செப்டம்பர் 12
கடைசி வண்டிக் கோழியும் போயிற்று. இவர்தான் ஏற்றிவிட்டார். ஷெட்டைக் கழுவிச் சுண்ணாம்பு அடித்தோம்.

செப்டம்பர் 25
ஈ குறையவில்லை. எப்படிக் குறையும்? எங்களுடையது எட்டாயிரம், வேலிக்கு அந்தப் பக்கம் லட்சக்கணக்கில். ஈக்கு ஒரு வழி பண்ணுங்கள் என்று சத்திரெட்டியிடமே கேட்டேன்.
"நாடு முட்டை கேக்குது, நான் என்னக்கா பண்ண? உங்க ஷெட் சும்மாத்தானே கெடக்கு, எனக்கே குடுத்துடுங்க" என்றார்.
இவர் உள்ளே போய்ச் சாவியை எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தார்.

அக்டோபர் 30
வீரபாபுவுக்கு ராஜமுந்திரியில் டயர் கடை வேலை. மாடி வீடு பிடித்துவிட்டார்கள். ஹாரிகா கூப்பிட்டாள். "உங்களுக்கும் ஒரு ரூம் இருக்கு அத்தை. மாமாவையும் கூட்டிட்டு வந்துடுங்க."
இவரிடம் சொன்னேன்.
"நாம போயிட்டா கோழிய யாரு பாக்கறது?" என்றார்.
சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே உறைத்தது. நான் அவருடைய சட்டைகளை மடித்துப் பெட்டியில் வைக்க ஆரம்பித்தேன்.