பொழிச்சலூருக்குப் போன கார்டு

அக்கா,

இன்று காலை ஆபீஸ் அறையில் சைக்ளோஸ்டைல் மை வாசனை. இந்த வருடச் சேர்க்கைக்கு நோட்டீஸ் ஓடிக்கொண்டிருந்தது. முன்பெல்லாம் அந்த வாசனை வந்தால் பின்னாலேயே உங்கள் இருமலும் வரும். இன்று வாசனை மட்டும் வந்தது. ஜன்னலைத் திறந்தேன், மூடினேன், மறுபடி திறந்தேன். எந்த வேலையும் ஓடவில்லை. நேற்று நடந்ததை உங்களிடம் சொல்லியாக வேண்டும்.

போன ஜூன் மாதத்துத் திங்கட்கிழமைக் கூட்டம் நினைவிருக்கும். தையல் வகுப்புக்குப் பதினொரு பேர்தான் சேர்ந்திருந்தார்கள். பதினைந்து வராவிட்டால் வகுப்பை மூடிவிடுவதாகக் கல்லூரியை நடத்தும் ஃபாதர் சொன்னார். வகுப்பு மூடினால் உங்கள் வேலையும் போகும். அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக ஆளுக்கொரு குறை சொன்னோம். கேம்ப் ரோட்டிலிருந்து பார்த்தால் போர்டு தெரிவதில்லை. பள்ளிக்கரணைப் பக்கம் மழை பெய்தால் பாதிப் பேர் வருவதில்லை. 'இது ஸ்கூலா, காலேஜா?' என்று கேட்பவர்களிடம், ப்ளஸ் டூ தவறியவர்களுக்கும் தொழில் சொல்லித்தரும் சமுதாயக் கல்லூரி என்று விளக்கி முடிப்பதற்குள் அவர்களுக்கு பஸ் வந்துவிடுகிறது.

நான்தான் யோசனை சொன்னேன். பக்கத்துப் பள்ளிகளில் தவறியவர்களின் விலாசம் வாங்கி எல்லோருக்கும் தபால் கார்டு போடலாம் என்று.

"கார்டா? கவர்ல போடும்மா. தெருவே படிக்கும்" என்றீர்கள்.

"ஒட்டி முடிக்கவே ரெண்டு நாள் ஆகும்க்கா. இன்னிக்கே போயாகணும்."

"சரி, இவ்ளோ புஸ்தகம் படிக்கிறவ சொல்ற. கேட்டுக்கறேன்."

அன்று மாலைக்குள் அறுபது கார்டு எழுதினேன். ஒவ்வொன்றும் 'பன்னிரண்டாம் வகுப்பில் தேர்ச்சி பெறாத அன்பு மாணவிக்கு' என்று தொடங்கியது. அந்த 'அன்பு' எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

நான்காம் நாள் பொழிச்சலூரிலிருந்து ஒருவர் கார்டும் கையுமாக வந்தார். பம்மலில் தோல் கிடங்கில் வேலை செய்பவர். அவர் மகள் பாஸாகிவிட்டதாக வீட்டில் சொல்லி வைத்திருந்தாள். படிக்கத் தெரியாத அவர், கார்டை பெட்டிக்கடையில் கொடுத்துப் படிக்கச் சொல்லியிருக்கிறார். கடையில் நின்ற அத்தனை பேரும் கேட்டிருக்கிறார்கள்.

"யாரு எழுதினது இத்த?"

நான் கையிலிருந்த பேனாவை மூடி வைத்தேன். நீங்கள் தையல் மெஷினை விட்டு எழுந்து வந்தீர்கள். "நான்தான் எழுதினேன்."

"படிச்ச பொம்பளையாட்டம் கீற. புத்தி இன்னா ஆச்சு? எம்பொண்ணு வெளிய தல காட்ட முடியாம கெடக்குது."

"தப்பு எங்க மேலதான் அண்ணா. திட்டுங்க. பொண்ணு சாப்பிட்டாளா?"

அவர் பெஞ்சில் உட்கார்ந்தார். முந்தின நாளிலிருந்து அவள் சாப்பிடவில்லை என்றார். நீங்கள் அப்போதே அவருடன் கிளம்பினீர்கள். நானும் செருப்பை மாட்டினேன்.

"நீ வேணாம். உன் மூஞ்சியே காட்டிக்குடுத்துடும்."

பத்து நாள் கழித்து அவள் வந்து சேர்ந்தாள். அவள்தான் பதினைந்தாவது ஆள். வகுப்பு தப்பியது. ஆனால் அவள் உங்களை நிமிர்ந்து பார்ப்பதே இல்லை. நீங்கள் ரவிக்கைக்குக் கழுத்து வெட்டும் அளவு சொல்வீர்கள். அவள் துணியிடம் தலையாட்டுவாள். எனக்குத் தாங்கவில்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று எத்தனை முறை வந்து நின்றேன். "இப்ப வேணாம். என்மேல இருக்கிற கோவத்துலயாவது தெனமும் வர்றா. கோர்ஸ் முடியட்டும்" என்றீர்கள்.

கோர்ஸ் முடியும்வரை நீங்கள் இருக்கவில்லை. ஜனவரியில் ஐந்தே நாள் காய்ச்சல். உங்களை எடுத்த அன்று சேலையூர் வீட்டுக்கு அவளும் வந்திருந்தாள். உள்ளே வராமல் கேட்டருகிலேயே நின்றாள். நான் அவளைத் தாண்டித்தான் போனேன். அப்போதும் சொல்லவில்லை. நீங்கள்தான் தடுத்தீர்கள் என்ற சாக்கு எனக்கு வசதியாக இருந்தது. நீங்கள் இல்லாத பிறகும் நான்கு மாதம் அதை வைத்துக்கொண்டு ஓட்டினேன்.

நேற்று சான்றிதழ் வாங்க வந்தாள். சானடோரியம் ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது. கையெழுத்துப் போடப் புத்தகத்தை நகர்த்தியபோது சொல்லிவிட்டேன். "அந்தக் கார்டு அக்கா எழுதலை. நான் எழுதினது."

அவள் தலை நிமிரவில்லை. "தெரியும் மிஸ். மொத நாளே அட்டென்டன்ஸ்ல என் பேரு எழுதியிருந்தத பாத்தேன். கார்டுல இருந்த அதே எழுத்து."

"அப்ப அவங்க மேல ஏன் அவ்ளோ கோவம்?"

"அவங்க மேல ஏது கோவம்? உங்களுக்காகத் திட்டு வாங்கிக்கினு வூட்டாண்ட வந்து, எங்கம்மா பக்கத்துல குந்திக்கினு எனக்கு சோறு ஊட்டினாங்க. நிமிந்து பாத்தா அழுதுடுவேன், அதான்." கையெழுத்தைப் போட்டு முடித்தாள். "உங்க மேலதான் மிஸ் கோவம். நீங்களா சொல்வீங்கன்னு தெனமும் பாத்துக்கினு இருந்தேன். அவங்க வூட்டு கேட்டாண்ட கூட."

நான் மன்னிப்புக் கேட்டேன். அவள் பரவாயில்லை என்று சொல்லவில்லை. சான்றிதழை நெளியாமல் பிடித்துக்கொண்டு போனாள்.

நேற்றிலிருந்து மனம் ஓரிடத்தில் நிற்கவில்லை, அக்கா. ஒரே அறையில் அரை வருடம் இருந்தோம். அவள் வெறுக்கிறாள் என்று நினைத்தபடியே நீங்கள் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தீர்கள். அவள் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தினமும் அவள் பெயரைக் கூப்பிட்டேன். அவள் 'பிரசென்ட் மிஸ்' என்றாள். நான் அடுத்த பெயருக்குப் போய்விட்டேன்.